ஊருக்குப் போயிட்டு வந்த துணி

லீவு முடிஞ்சு எழும்பூர்ல ரயிலை விட்டு இறங்கும்போது வீட்ல எல்லாருக்கும் ஒரே நெனப்பு தான், போனதும் ஒரு காபி, ஒரு குளியல், கொஞ்ச நேரம் தூக்கம். துணி துவைக்கிற ஆளுக்கு மட்டும் அது ஓடவே ஓடாது. டேங்க்ல தண்ணி இருக்குமா, மோட்டார் போட்டிருப்பாங்களா, வெயில் அடிக்குதா மூடாப்பா இருக்கா, மொட்டை மாடிக் கொடியை மேல் வீட்டுக்காரங்க ஏற்கனவே பிடிச்சிருப்பாங்களா, இதெல்லாம் தான் ஓடும். பெரும்பாலான வீட்ல அந்த ஆள் அம்மா தான். எங்க வீட்லயும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்துச்சு, இப்ப மாத்திட்டோம், அதை அப்புறம் சொல்றேன், முதல்ல துணியைப் பத்திப் பேசிடுவோம்.

காலாண்டு லீவுல இவரோட ஊர்ப் பக்கம் போயிட்டு வந்தோம். பொதிகைல தென்காசி, அங்கேருந்து குற்றாலம், அப்புறம் கல்லிடைக்குறிச்சில அத்தை வீடு, பாபநாசம், கடைசியா திருச்செந்தூர்ல கடல் குளிச்சு முருகனைப் பாத்துட்டு செந்தூர் எக்ஸ்பிரஸ் பிடிச்சு வீடு. கவனிச்சீங்கன்னா இந்த ரூட்ல போற இடம் எல்லாமே தண்ணி. அருவி, ஆறு, கடல். சந்தோஷம் தான், ஆனா ஒவ்வொரு இடத்துலயும் நாலு பேரோட நனைஞ்ச துணி. லீவுத் துணில நிஜமான பிரச்சனை அழுக்கு இல்லங்க, ஈரம் தான். அழுக்குத் துணியை நாலு நாள் அப்படியே வச்சிருந்து வீட்டுக்கு வந்து துவைச்சாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ஈரத் துணியை ஒரே ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சுப் பாருங்க, மறுநாள் கவரைத் திறக்கும்போதே அந்த முடை நாத்தம் மூஞ்சில அடிக்கும், அதுவும் பக்கத்துல இருந்த காஞ்ச துணிக்கும் சேர்த்து ஏறியிருக்கும்.

அந்த நாத்தம் ஏன் துவைச்சும் போக மாட்டேங்குதுன்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க. கொடியில இருந்து எடுக்கும்போது நல்லா தான் இருக்கும், துண்டை எடுத்து தலை துவட்டினா திரும்ப அதே வாடை. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2012ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ்னு ஒரு பாக்டீரியா தான் இந்த ஈர வாடைக்கு முக்கியக் காரணம்னு அடையாளம் காட்டினாங்க. இது துணி காஞ்சாலும் அவ்வளவு சீக்கிரம் சாகாது, நம்ம உடம்புல இருந்து துணிக்கு வர்ற எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் தின்னுட்டு அப்படியே கிடக்கும், மறுபடி ஈரம் பட்டதும் வேலையைக் காட்டும். அதனால வாடை வந்த துணியை மணக்குற லிக்விட் ஊத்தி மறைக்கிறதுல பிரயோஜனமே இல்ல. வெந்நி தான் வழி. மெஷின்ல 60 டிகிரி வச்சு ஓட்டணும், மெஷின் இல்லாதவங்க வெள்ளைத் துண்டு, பனியன், சாக்ஸ் இதையெல்லாம் நல்லா சூடான தண்ணில ஆக்சிஜன் ப்ளீச் பவுடர் போட்டு ஊற வச்சுட்டு அப்புறம் துவைக்கணும். சாயம் போற துணி, சிந்தெட்டிக் துணிக்கு இது ஆகாது, அதுக்கு வாடை வராம பாத்துக்கிறது ஒண்ணு தான்.

வராம பாத்துக்கணும்னா போற இடத்துலயே அன்னன்னைக்கு ஈரத்தை எடுத்துடணும். துவைக்கணும்னு கூட இல்ல, அலசிப் பிழிஞ்சு காத்துல போட்டாலே போதும். நான் எங்க போனாலும் பெட்டியில ஒரு நைலான் கயிறும் ஒரு கைப்பிடி கிளிப்பும் வச்சுடுவேன். லாட்ஜ்ல ரூம் எடுத்ததும் முதல் வேலையா அங்க இருக்கிற தம்பிகிட்ட "மாடியில கொடி இருக்காப்பா, துணி போடலாமா"ன்னு கேட்டுடணும், முக்கால்வாசி இடத்துல இருக்கும், நாம தான் கேக்குறதில்ல. குற்றாலத்துல சாரல் அடிக்கிற நாள்னா மாடி உதவாது, காத்துலயே ஈரம் இருக்கும், அப்ப ரூம் ஃபேனுக்குக் கீழ கயிறு கட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இடம் விட்டுப் போடணும். ஜீன்ஸை அருவிக்குப் போட்டுட்டுப் போகவே கூடாது, சொல்லிச் சொல்லி வாய் வலிச்சாலும் பரவால்ல, சொல்லிடுங்க. நனைஞ்ச ஜீன்ஸ் அந்த ஊர்ல ரெண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டி காயாது.

இன்னொண்ணு, பிழிஞ்ச துணியை ஒரு காஞ்ச துண்டு மேல விரிச்சு, ரெண்டையும் சேர்த்துச் சுருட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு முறுக்கினா துணில மிச்சம் இருக்கிற தண்ணி எல்லாம் அந்தத் துண்டுக்குப் போயிடும். சுடிதார் டாப், பசங்க டீஷர்ட் எல்லாம் இப்படி முறுக்கிப் போட்டா காலையில கட்டாயம் காஞ்சிருக்கும். இதுக்கு ஈரிழைத் துண்டு தான் சரி. டர்க்கி டவல் பஞ்சு மாதிரி தண்ணியைக் குடிச்சிட்டு விடவே விடாது, பெட்டியில பாதி இடத்தையும் அதுவே பிடிச்சுக்கும். ஈரிழைத் துண்டு ஒரு மணி நேரத்துல காஞ்சுடும், மடிச்சா உள்ளங்கையில அடங்கும். நம்ம தாத்தா பாட்டி எந்த ஊருக்குப் போனாலும் தோள்ல அது தானே இருந்துச்சு.

கல்லிடைக்குறிச்சி போயிட்டா எனக்கு துணி விஷயத்துல பெரிய நிம்மதி. அத்தை வீட்டுப் பின்கட்டுல துவைக்கல் இருக்கு, தண்ணி தாமிரபரணித் தண்ணி. வேளச்சேரில எங்க அபார்ட்மெண்ட் போர் தண்ணில சோப்பு தேச்சா நுரையே எழும்பாது, வெள்ளையா திரிஞ்சு போய் பக்கெட்ல ஒட்டும், அங்க அதே சோப்பை லேசா இழுத்தாலே நுரை பொங்குது. கைப் பழக்கத்துல சென்னை அளவுக்குப் பவுடர் போட்டா அலசி மாளாது, பாதி போட்டாலே தாராளம். நான் ராத்திரி பை கட்டும்போது ஒரு ஈரத் துண்டை கவர்ல வைக்கப் போனேன், அத்தை பாத்துட்டு, "ஏளா, ஈரத்தையா பைக்குள்ள வைக்க? கொடியில வீசு, காத்தோட்டம் இருந்தா நெழல்லயும் காஞ்சிரும்"னாங்க. எழுபது வயசைத் தாண்டியும் தன் சேலையைத் தானே துவைச்சு, உதறி, மடிப்பு இல்லாம இழுத்து விட்டுக் காயப் போடுறாங்க, அந்தச் சேலைக்கு இஸ்திரியே தேவைப்படாது. உதறிப் போடுறதுங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்க கொடியைப் பாத்தா தெரியும்.

பாபநாசத்துல பாத்ததையும் சொல்லணும், இதுவும் துணி விஷயம் தான், எனக்கு மனசு ஆறலை. பரிகாரம்னு சொல்லி குளிச்ச துணியை அப்படியே ஆத்துல விட்டுட்டுப் போறாங்க. படித்துறையைத் தாண்டி கொஞ்சம் கீழ போனா சேலை, வேட்டி, பேண்ட், உள்பாவாடை எல்லாம் பாறையிலயும் வேர்லயும் சுத்திக்கிட்டுக் கிடக்கு. முன்னாடி காலத்துல பருத்தி, கொஞ்ச நாள்ல மக்கிடும். இப்ப கட்டுறதுல பாதி பாலியஸ்டர், அது வருஷக்கணக்கா மக்காது. தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையா அள்ளுறாங்க, அள்ள அள்ள வந்துட்டே இருக்கு. அதே தண்ணி தான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்கப் போகுது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துலயும் இதே கதை தான். எங்க கூட வந்த பெரியவர் ஒருத்தர் வேட்டியை விடணும்னு தான் வந்தார், அத்தை தான் "ஆத்துக்கு அழுக்குக் குடுத்தா புண்ணியம் எங்கேருந்து வரும்"னு கேட்டு, அதை அலசி வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து காயப் போட்டு, தோட்டத்துல வேலை செய்றவருக்கு அவர் கையாலேயே குடுக்க வச்சாங்க. தானம் பண்ணணும்னு தோணினா துவைச்சு, கட்டுற மாதிரி குடுங்க, தயவு செஞ்சு ஆத்துல மட்டும் விடாதீங்க.

அடுத்து திருச்செந்தூர். கடல்ல குளிச்ச துணியை வெயில்ல காய வச்சுட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க. காஞ்ச மாதிரி தான் இருக்கும், சாயங்காலம் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு இருக்கும். கடல் உப்புங்கிறது நம்ம சமையல் உப்பு மட்டும் இல்ல, அதுல மக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். அதனால உப்பு உள்ள இருக்கிற வரைக்கும் அந்தத் துணி முழுசா காயாது, பெட்டிக்குள்ள போய் மறுபடி ஈரமாகும், ஜிப்பும் கொக்கியும் துருப்பிடிக்கும், அந்தத் துரு பக்கத்துத் துணில கறையாகும். கடல் குளிச்சுட்டு நாழிக்கிணத்துல குளிக்கும்போதே போட்டிருக்கிற துணில இருக்கிற உப்பு பாதி போயிடும், மிச்சத்துக்கு ரூமுக்கு வந்து ரெண்டு பக்கெட் நல்ல தண்ணில அலசிடணும், சோப்பே வேணாம், வெறும் தண்ணி போதும்.

அங்கேருந்து குதிரைமொழி தேரிக்குப் போய் அருஞ்சுனை காத்த அய்யனாரைக் கும்பிட்டுட்டு வந்தோம். செக்கச் செவேல்னு மண் மேடு மேடா இருக்கும், பாக்கக் கண்ணு கொள்ளாது. பசங்க உருண்டு புரண்டு விளையாடினாங்க, இவரோட வெள்ளை வேட்டி முழங்கால் வரைக்கும் செங்கல் நிறம். அந்த மண்ணுக்கு நிறமே அதுல இருக்கிற இரும்பு ஆக்சைடால தான், அதாவது ஒரு வகைத் துரு. இந்த வேட்டியைப் பாத்ததும் உடனே பக்கெட்ல முக்கணும்னு கை போகும், முக்கக் கூடாது. தண்ணி பட்டா அந்த மாவு மண்ணு நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும். நல்லா காய விட்டு, வெளியில வச்சுப் படபடன்னு உதறி, காஞ்ச பிரஷால ஒரே திசையில தேச்சுத் தட்டினோம், முக்கால் பங்கு மண்ணு அப்படியே உதிர்ந்துடுச்சு. அப்புறம் தான் தண்ணி, பார் சோப்பு, மெதுவா கசக்கல். கரை ஓரத்துல மட்டும் மஞ்சள் பழுப்பா ஒரு நிழல் நின்னுச்சு, அதுக்கு எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி வெயில்ல கொஞ்ச நேரம் போட்டு அலசினோம், போயிடுச்சு. வெள்ளைத் துணி தானேன்னு ப்ளீச்சிங் லிக்விட் ஊத்திடாதீங்க, குளோரின் பட்டா இரும்புக் கறை இன்னும் அழுத்தமா பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் எடுக்கிறது பெரிய பாடு.

கறைன்னு பேச்சு வந்ததால இன்னும் ரெண்டு மூணு. ஊர்ல இலை போட்டுச் சாப்பிட்டு வேட்டில சாம்பார் சிந்தினா, மஞ்சள் கறைல சோப்பு பட்டதும் ரத்தம் மாதிரி சிவப்பாகும், பதற வேணாம், சோப்புல காரத்தன்மை இருக்கிறதால மஞ்சள் அப்படி மாறுது, நல்லா அலசினதும் திரும்ப மஞ்சளாகும், ஈரத்தோட நேர் வெயில்ல போட்டா தானா வெளுத்துடும். திருநெல்வேலி அல்வா டப்பா பெட்டிக்குள்ள நெய் விட்டுடுச்சுன்னா தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி டால்கம் பவுடரை அள்ளிப் போட்டு அரை மணி நேரம் விடுங்க, நெய்யை அது இழுத்துக்கும், அப்புறம் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டுத் தேச்சு சூடு தாங்குற துணின்னா வெந்நில அலசிடலாம். குற்றாலத்துல எண்ணெய் மசாஜ் பண்ணிட்டு வர்ற கைலிக்கும் இதே வைத்தியம் தான். வாழைக்கறை மட்டும் போகாது. போகும்னு சொல்ற எல்லாத்தையும் நம்பி நல்ல துணியை நாசம் பண்ணாம, தோட்டத்துக்குன்னு ஒரு பழைய சட்டையை எடுத்துட்டுப் போங்க.

இப்ப வீட்டுக்கு வந்த அப்புறம். காலையில வந்து இறங்கினதும் எல்லாப் பையையும் ஒரே இடத்துல கொட்டி மலையா குவிக்கிற பழக்கத்தை நாங்க விட்டுட்டோம். ஊர்லயே நாலு துணிப் பை, ஈரம் இருந்தா அதுக்குத் தனியா ஒண்ணு, போடாத துணி தனியா. போடாத துணியைத் தப்பித் தவறிக் கூட அழுக்கோட சேர்க்கக் கூடாது, பாதி வேலை அதுல தான் கூடுது. பையைத் திறந்ததும் முதல்ல மெஷினுக்குப் போறது ஈரப் பை தான், அது கொஞ்சூண்டு இருந்தாலும் சரி, மெஷின் நிறையட்டும்னு காத்திருக்கக் கூடாது. அப்புறம் துண்டு, உள்ளாடை, சாக்ஸ். கலர் துணி, ஜீன்ஸ் எல்லாம் மறுநாள், அதுக்கும் மறுநாள். எல்லாத்தையும் அன்னைக்கே துவைச்சே ஆகணும்னு யாரும் சட்டம் போடல. மெஷினை அடைக்கவும் கூடாது, டிரம்முக்குள்ள துணிக்கு மேல ஒரு சாண் அளவுக்காவது இடம் இருக்கணும், இல்லன்னா துணி புரளாது, பவுடர் கரையாது, போர் தண்ணில அது திட்டுத் திட்டா துணியிலயே படிஞ்சு துண்டெல்லாம் அட்டை மாதிரி விறைக்கும். கடற்கரைத் துணியும் தேரித் துணியும் துவைச்ச அப்புறம் ஃபில்டரைக் கழட்டிப் பாத்துடுங்க, மணல் சேர்ந்திருந்தா பம்ப் போயிடும்.

பாக்கெட்டையும் பாக்கணும். இந்தத் தடவை இவர் சட்டைப் பாக்கெட்ல திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதி அப்படியே இலையோட மடிச்சு இருந்துச்சு, சின்னவ தான் எடுத்து சாமி ரூம்ல வச்சா. அது மெஷினுக்குள்ள போயிருந்தா எனக்கு மனசே கேட்டிருக்காது.

காயப் போடுறதுக்கு சென்னைல காலை நேரம் தான் நேரம். மத்தியானம் கடல் காத்து திரும்பிட்டா ஈரப்பதம் கூடிடும், வெயில் இருந்தாலும் துணி மெதுவா தான் காயும். எட்டரை ஒன்பதுக்குள்ள கொடிக்கு ஏறின துணி பன்னெண்டு மணிக்கு முறுக்கா இருக்கும், பன்னெண்டுக்குப் போட்டது சாயங்காலமும் சந்தேகமா தான் இருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல வடகிழக்குப் பருவமழை வந்துட்டா அதுவும் கிடையாது, வருஷத்து மழையில பாதிக்கு மேல நமக்கு அந்த மூணு மாசத்துல தான், அதனால தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வர்றவங்க கனமான துணி எடுத்துட்டுப் போறதையே குறைச்சுக்கணும். பெட்ஷீட், போர்வை மாதிரி பெரிய அயிட்டத்தை நாங்க கிலோ கணக்குல துவைச்சுக் குடுக்குற கடைக்குப் போட்டுடுவோம். சைதாப்பேட்டை, சேத்துப்பட்டு பக்கம் இருக்கிறவங்களுக்கு டோபிகானா இருக்கு, கல்லுல அடிச்சுத் துவைச்சு வெட்டவெளில காய வச்சுத் தர்ற அந்த வெளுப்பு எந்த மெஷின்லயும் வராது, அந்த உழைப்புக்கு பேரம் பேசாம குடுங்க.

யார் துவைக்கிறதுங்கிற விஷயத்துக்கு வர்றேன். லீவுங்கிறது எல்லாருக்கும்னா அம்மாவுக்கும் தான். அருவில குளிச்சுட்டு வந்து மூணு பேரும் மெத்தையில சாஞ்சு போன் பாத்துட்டு இருக்க, ஒருத்தி மட்டும் பாத்ரூம்ல உக்காந்து நாலு பேர் துணியைப் பிழிஞ்சுட்டு இருந்தா அது என்ன லீவு? இதை நான் சண்டையா சொல்லலை, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே உக்காந்து பேசினோம். அவங்கவங்க நனைச்ச துணியை அவங்கவங்களே அலசிப் பிழிஞ்சு கயித்துல போடணும். பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்கு முறுக்குற வேலை பிடிச்சுப் போச்சு, தங்கச்சி துணியையும் சேர்த்து முறுக்கித் தர்றான். சின்னவளுக்கு பாக்கெட் பாக்குறது, கிளிப் குடுக்குறது, சாக்ஸ் ஜோடி சேர்க்கிறது. மண்ணு உதறுறது, மெஷின் போடுறது, மாடிக்குத் தூக்கிட்டுப் போறது இவர். அத்தை முன்னாடி இவர் துணி அலசுறதைப் பாத்தா என்ன சொல்வாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு தயக்கம் இருந்துச்சு, அத்தை பாத்துட்டு, "நல்லாப் பிழியுடா, கரைல தண்ணி நிக்கி பாரு"ன்னு மட்டும் தான் சொன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் நானும் அத்தையும் ஆத்தங்கரை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தோம், கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அந்த மாதிரி பேசிட்டே நடந்ததில்ல, அவ்வளவு நேரம் எனக்கு இருந்ததே இல்ல.

கடைசியா பெட்டி. துணியை எடுத்துட்டு பெட்டியை அப்படியே லாஃப்ட்ல ஏத்திடாதீங்க. உள்ள இருக்கிற மணலைத் தட்டி, ஈரத் துணியால துடைச்சு, ஜிப்பைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க வெயில்ல வச்சுட்டு ஏத்துங்க. எங்களது இன்னும் பால்கனில தான் திறந்து கிடக்கு. இஸ்திரி போடுற அண்ணா நாளைக்கு வர்றேன்னிருக்கார், யூனிஃபார்மும் அந்த வேட்டியும் அவருக்கு எடுத்து வச்சாச்சு, மிச்சம் ஜீன்ஸ் ஒரு லோடு இருக்கு, நாளைக்குக் காலையில இவர் டர்ன்.